பலகை யாருடையது?

மழைக்காலத்து மாலைப்பொழுது ஒன்றில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த ஒரு வாக்குவாதமே இந்தப் பேச்சுக்குக் காரணம். என் தமக்கையின் மகன் புணே நகரில் பொறியியல் பயில்கிறான், எங்களுடன் தங்கியிருக்கிறான். அவனும் அவனுடைய மராட்டிய நண்பன் ஒருவனும் அன்று மாலை தேநீரை ஆறவிட்டுவிட்டு உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். பரீட்சையைப் பற்றியோ உத்தியோகத்தைப் பற்றியோ அல்ல. புதிதாக வரவிருந்த போர் விளையாட்டு ஒன்றின் அடுத்த பாகத்தைக் கணிப்பொறியில் ஆடுவது சிறந்ததா, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் என்னும் பெட்டியில் ஆடுவது சிறந்ததா என்பதே வழக்கு.

என் மருமகன் கணிப்பொறியின் கட்சி. மௌஸைக் கையில் பிடித்துக் குறிபார்ப்பதுதான் உண்மையான திறமை என்றும், கன்சோலின் கைக்கருவியில் குறி தவறினால் யந்திரமே சற்று இழுத்துப் பிடித்துத் திருத்திவிடுகிறதென்றும் அவன் சாதித்தான். நண்பன் விடவில்லை. கணிப்பொறிக்காரர்களில் பணம் படைத்தவன் விலையுயர்ந்த கருவியை வாங்கி முன்னே போய்விடுகிறான். களவுநிரல்களைச் செருகிச் சுவருக்கு அப்பால் நிற்பவனையும் பார்த்துவிடுகிறான். கன்சோலிலோ அனைவருக்கும் ஒரே பெட்டி, ஒரே விலை. அதுவே நியாயமான ஆட்டம் என்றான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆகவே, வழக்கம்போல், நான் வாய் திறக்கவில்லை.

அச்சமயம் அடுத்த வீட்டுப் பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேலூர்ப் பக்கத்தவர், ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றபின் இந்நகரிலேயே தங்கிவிட்டவர். பிள்ளைகள் ஆடிக்காட்டிய காட்சியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஏம்பா தம்பி, இதிலே அடிபட்டு விழுந்தவனை யார் தூக்குவார்கள்?"

"தோழன் ஒருவன் ஓடிவந்து ஊசி போடுவான், தாத்தா. சில நொடியில் எழுந்துவிடலாம்" என்றான் என் மருமகன்.

பெரியவர் சிரித்தார். "எங்களுக்கு 1971-இல் ஒருவனைத் தூக்கிவர ஓர் இரவும் ஒரு பகலும் ஆயிற்று" என்று சொல்லிவிட்டு, என்னிடம் தாம் கேட்க வந்த ஓய்வூதியக் கடிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நேயர்களே, நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். மத்திய அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளையும் சுற்றறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடத்துவதே என் பிழைப்பு. இளைஞர்களின் வாதத்தையும் முதியவரின் கேள்வியையும் சேர்த்துக் கேட்டபோது, இரண்டும் ஒரே கேள்வியின் இருவேறு மொழிபெயர்ப்புக்களோ என்னும் ஐயம் எனக்கு உண்டாயிற்று. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளச் சரித்திரத்தைச் சற்றே புரட்டினேன். புரட்டியதில் கிடைத்தவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

போரை விளையாட்டாக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களுள் அடக்கிய சதுரங்கம் இந்நாட்டிலேதான் தோன்றிற்று. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ சக்கரவர்த்தியின் சரிதத்தை எழுதிய பாணபட்டர், அம்மன்னருடைய ஆட்சியின் அமைதியைப் புகழ்கையில், நால்வகைப் படையின் அணிவகுப்பை ஆட்டப் பலகையில் மட்டுமே காணலாம் என்னும் பொருள்பட ஒரு நயம் அமைத்திருக்கிறார். போர் பலகைக்குள் ஒடுங்கியிருப்பதே நல்லாட்சியின் அடையாளம் என்பது அவர் கருத்து. நம் தமிழகத்திலோ மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள பூவனூரில் இறைவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று இறைவன் மணந்துகொண்டான் என்பது அத்தலத்தின் வரலாறு. போர்க்கலை அங்கே மணவினைக்கு வழியாகிவிட்டது!

இதற்கு நேர்மாறாக, போரையே ஒரு விளையாட்டைப் போல் ஒழுங்குக்கு உட்படுத்தவும் நம் முன்னோர் முயன்றனர். ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, மண் கவரச் செல்வோர்க்கு வஞ்சி, மதிலைக் காப்போர்க்கு நொச்சி, வளைப்போர்க்கு உழிஞை, எதிர்நின்று பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை என்று பூக்களால் பகுத்தனர். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுவதற்கு முன் பசுக்களையும், அந்தணரையும், பெண்டிரையும், பிணியுடையோரையும், புதல்வரைப் பெறாதோரையும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு அறிவித்தான் என்று நெட்டிமையார் புறநானூற்றில் போற்றுகிறார். எல்லாப் போரும் அவ்வாறு நடந்தது என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. விதி இருக்க வேண்டும் என்னும் நினைப்பாவது இருந்தது என்று கொண்டால் போதும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதுரங்கப் பலகை எவருக்கும் சொந்தமன்று. திண்ணையில் கரிக்கட்டியால் கட்டம் கீறிக்கொண்டு புளியங்கொட்டைகளை வைத்து ஆடினும் அது சதுரங்கமே. ஆடுகின்ற இருவருள் எவரும் எவரிடமும் உத்தரவு பெற வேண்டுவதில்லை. பலகை ஆடுவோருடையது. இந்தச் சிறிய உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். பின்னால் நிகழ்ந்த சச்சரவுகளுக்கெல்லாம் இதுவே வேர்.

பலகைக்கு முதன்முதலில் ஒரு மேற்பார்வையாளரை அமர்த்தியவர்கள் பிரஷ்ய நாட்டு ராணுவத்தார். ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812-இல் தம் மன்னருக்காக மேசை வடிவில் ஒரு போர்விளையாட்டைச் செய்து அளித்தார். அவருடைய மகனும் ராணுவ அதிகாரியுமான இளைய ரைஸ்விட்ஸ் அதைச் சீர்திருத்தி, உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடத்தக்கதாக்கி, 1824-இல் விதிகளை வெளியிட்டார். இரு கட்சியினரும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவர் அறிவித்தாலன்றித் தெரியாது. பகடை உருட்டிச் சேதத்தைக் கணிப்பர். படைத்தலைவர் மூஃப்லிங் அதைக் கண்டதும், இது விளையாட்டன்று, போருக்கான பள்ளியே என்று வியந்து படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். 1870–71 யுத்தத்தில் பிரான்ஸைப் பிரஷ்யா வென்றபின் பிற நாட்டுப் படைகளும் இம்முறையை மேற்கொண்டன.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'சிறிய போர்கள்' என்னும் பொருள்படும் நூல் ஒன்றை வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களையும் சிறு பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதிநூல் அது. அதன் இறுதியில் அவர், இச்சிறு போரை மூன்று நான்கு முறை ஆடியவன் பெரும் போர் எத்தகைய அறிவீனம் என்று உணர்ந்துவிடுவான் என வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. விளையாட்டு போரைத் தடுத்துவிடும் என்னும் நம்பிக்கை அன்றே பொய்த்தது. விளையாட்டே போரை வளர்க்கிறது என்னும் அச்சத்துக்கும் அதே அளவு ஆதாரந்தான் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இனி, புணே நகருக்கு வருவோம். இந்நகரைப்போல் போரும் விளையாட்டும் அருகருகே வாழும் ஊர் வேறொன்று இருப்பது அரிது. 1817 நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நிகழ்ந்த கட்கியில், 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அத்தொழிற்சாலையையும் பாசறையையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. நகருக்கு வெளியே கடக்வாஸ்லாவில் முப்படைக்கும் இளம் அதிகாரிகளைப் பயிற்றும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம் இருக்கின்றது. பாசறையில் அமர்ந்திருப்போருக்குப் போரைக் காட்டிலும் பொழுதே பெரும் பகை. ஆகவே அவர்கள் விளையாட்டுக்களை உண்டாக்கினார்கள். இறகுப்பந்தை வலைக்கு மேல் அடித்தாடும் ஆட்டம் 1870-களில் இங்கே அதிகாரிகளிடையே விதி பெற்று, 'பூனா' என்னும் இவ்வூரின் பெயராலேயே வழங்கிற்று. கடல் கடந்து சென்று பாட்மின்டன் மாளிகையின் பெயரைப் பூண்டது. அவ்வாறே, 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு 1882-இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் எழுதப்பெற்றன. இவையெல்லாம் ஆடியவர்களே விதி எழுதிக்கொண்ட ஆட்டங்கள்.

கணிப்பொறி விளையாட்டின் பிறப்பும் ஏறத்தாழ அவ்வாறுதான். 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை எழுதினர். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அது. அதை அவர்கள் விற்கவில்லை. எழுதியதைப் பிறருக்கு வழங்கினர், பெற்றவர்கள் திருத்தினர், திருத்தியதை மேலும் பலருக்கு வழங்கினர். திண்ணையில் கீறிய கட்டம் இப்போது மின்னொளியில் கீறப்பட்டது என்று சொல்லலாம்.

பத்தாண்டு கழித்து மற்றொரு கிளை தோன்றிற்று. ராணுவத் தளவாடங்கள் செய்துவந்த நிறுவனம் ஒன்றில் பொறியாளராயிருந்த ரால்ஃப் பேயரின் முயற்சியால், 1972-இல் 'மாக்னவாக்ஸ் ஆடிசி' என்னும் முதல் வீட்டுக் கன்சோல் கடைக்கு வந்தது. அதனோடு தனியே விலைக்குத் தரப்பட்ட ஒரு துப்பாக்கி, தொலைக்காட்சித் திரையில் தோன்றும் ஒளிப்புள்ளியைக் குறிபார்த்துச் சுடுவதற்கானது. கணிப்பொறியில் முதற்புகழ் பெற்ற ஆட்டமும் சுடுவது. கன்சோலின் முதல் துணைக்கருவிகளுள் ஒன்றும் சுடுவது. ஆயின் ஒரு வேறுபாடு. கணிப்பொறியைத் திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம். கன்சோலோ பூட்டிய பெட்டி. செய்தவன் கொடுத்ததை ஆடலாம்; வேறொன்றும் செய்யலாகாது. எங்கள் முன்னறையில் அன்று மாலை மோதிக்கொண்ட இரு கட்சிகளும் இவ்விரு கிளைகளின் வழித்தோன்றல்களே.

கணிப்பொறிக் கிளையின் பொற்காலம் 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் ஆட்டத்தோடு தொடங்கிற்று. ஆடுபவனின் கண்வழியாகவே காட்சியைக் காட்டிய அவ்வாட்டத்தைச் செய்தவர்கள், களங்களையும் உருவங்களையும் ஆடுவோர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வசதி செய்துவைத்தனர். உலகெங்கும் மாணவர்கள் புதிய களங்களைக் கட்டினர். அமெரிக்கக் கடற்போர் வீரர் படையினரே 1996-இல் அவ்வாட்டத்தின் இரண்டாம் பாகத்தைத் திருத்தித் தம் வீரர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். 1999-இல் 'ஹாஃப்-லைஃப்' என்னும் ஆட்டத்தைத் திருத்தி இரண்டு இளைஞர்கள் செய்த 'கவுண்டர்-ஸ்ட்ரைக்', நம் நாட்டு இணைய நிலையங்களில் ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகளை ஆட்கொண்டது. கன்சோல் கிளையும் வாளாவிருக்கவில்லை. 1997-இல் நின்டெண்டோ பெட்டியில் வந்த 'கோல்டன்ஐ'யும், 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் பெட்டியோடு பிறந்த 'ஹேலோ'வும், மௌஸ் இல்லாமலும் சுடும் ஆட்டத்தைச் செவ்வனே ஆடலாம் என்று மெய்ப்பித்தன. அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4-ஆம் நாள் ஆள் சேர்க்கும் நோக்கத்தோடு தானே ஓர் ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டு, 2022 வரை நடத்திவந்தது. பிரஷ்யரின் போர்ப்பள்ளி இப்போது வீடு தேடி வந்துவிட்டது.

'கால் ஆஃப் டியூட்டி' என்னும் தொடரின் முதற்பாகம் 2003 அக்டோபரில் கணிப்பொறிக்கென்றே வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரே அதன் களம். 2007-இல் வந்த நான்காம் பாகம் 'மாடர்ன் வார்ஃபேர்' என்னும் பெயரோடு இக்காலப் போரைக் கையாண்டு பெரும்புகழ் எய்திற்று. அதன் தொடர்ச்சி 2009 நவம்பர் 10-ஆம் நாள் வருவதாக அறிவிக்கப்பட்டபோதுதான் பெரிய சச்சரவு மூண்டது.

அதுகாறும் கணிப்பொறிக்காரர்கள் தாமே சர்வர் என்னும் பொதுக்கணிப்பொறியை வாடகைக்கு அமர்த்தி, அதில் தம் குழுவுக்கு ஒரு களம் அமைத்துக்கொள்வது வழக்கம். யார் வரலாம், எந்த விதிப்படி ஆடலாம், முறைதவறியவனை எப்போது வெளியேற்றலாம் என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்தனர். சிற்றூர்ச் சங்கம் போல் ஒவ்வொரு சர்வருக்கும் பழக்கவழக்கமும், மூத்தோரும், பழங்கதைகளும் உண்டு. புதிய பாகத்தில் அவ்வசதி இராது என்றும், ஆடுவோரைக் கன்சோலில் போலவே நிறுவனத்தின் ஏற்பாடே இணைத்துவைக்கும் என்றும், ஒரு களத்தில் 18 பேருக்குமேல் இடமில்லை என்றும் செய்தி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். வாங்கவே மாட்டோம் என்று சபதம் செய்து கூட்டம் சேர்த்தனர். ஆட்டம் வெளிவந்த அன்று, அச்சபதக் கூட்டத்தின் உறுப்பினர் பட்டியலை எவரோ படம் பிடித்தார். பலர் அந்த ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்தனர்! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் நாளில் மட்டும் சுமார் 47 லட்சம் பிரதிகள் விற்றன.

இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயினும் அவர்களுடைய குறை பொய்யன்று. அது மௌஸைப் பற்றியதும் அன்று, படத்தின் துலக்கத்தைப் பற்றியதும் அன்று. பலகை இதுவரை எங்களுடையது, இனி உங்களுடையதா என்பதே அவர்கள் கேட்டது.

அதே ஆட்டத்தில் வேறொரு சச்சரவும் எழுந்தது. விமான நிலையத்தில் பயங்கரவாதிகள் பொதுமக்களைச் சுட்டுக்கொல்லும் காட்சி ஒன்றில், ஆடுபவன் அக்கொலைஞருள் ஒருவனாக வேடமிட்டு உடன் நடக்கவேண்டும். விரும்பாதவர்கள் அப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம் என்று வசதி செய்திருந்தனர். 2008 நவம்பரில் பம்பாய் ரயில் நிலையத்திலும் விடுதிகளிலும் நடந்ததைக் கண்ட நம் நாட்டினருக்கு அக்காட்சி வெறுங்கற்பனையாக இருந்திராது. 2010 பிப்ரவரி 13-ஆம் நாள் மாலை புணேயிலேயே கோரேகாவ் பார்க் பகுதியில் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்தோர் பலர் மாண்டனர். ஆட்டத்துக்கும் அச்செயலுக்கும் எத்தொடர்பும் இல்லை. நான் சொல்ல விழைவது வேறு. தாண்டிச் செல்லும் பொத்தான் அந்த மாலை எவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் கேட்ட கேள்வி அங்கேதான் தன் முழுப் பொருளோடு நிற்கிறது.

பின்னர் நடந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. 2019-இல் வெளிவந்த பாகத்தில் கணிப்பொறிக்காரரும் கன்சோல்காரரும் ஒரே களத்தில் சேர்ந்து ஆடும் வசதி வந்தது. அதனால் சமாதானம் உண்டாகவில்லை. கைக்கருவிக்கு யந்திரம் தரும் உதவி மிகுதியா குறைவா என்று சண்டை இன்னும் உரத்தது. களவுநிரல்களைத் தடுக்கும்பொருட்டு நிறுவனங்கள் கணிப்பொறியின் உட்கருவரை நுழைந்து சோதிக்கும் காவல்நிரல்களை வைத்தன. 2023 அக்டோபரில், எக்ஸ்பாக்ஸ் பெட்டியையும் விண்டோஸ் என்னும் கணிப்பொறி அமைப்பையும் செய்யும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, இத்தொடரை வெளியிடும் ஆக்டிவிஷனைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இரு கட்சியினரும் எந்தக் கொடியின்கீழ் நின்று பொருதினும், கொடி தைக்கும் கடை பெரும்பாலும் ஒன்றே என்றாகிவிட்டது.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்றது. நல்ல கணிப்பொறியின் விலையும் கன்சோலின் விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எளியவை அல்ல. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தபோது, கைப்பேசியே இந்தியரின் பலகையாயிற்று. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் என்பவர் 'ஆர்மா' என்னும் போராட்டத்தைத் திருத்தி ஆடிய பழக்கத்திலிருந்தே 2017-இல் 'பப்ஜி' பிறந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவர் எஞ்சும்வரை பொருவதே அதன் முறை. 2018-இல் அது கைப்பேசிக்கு வந்தபோது, நம் நாட்டில் அது நுழையாத விடுதியறை இல்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் போலீசார் அதைத் தடைசெய்து, ஆடிய இளைஞர் சிலரைக் கைதும் செய்தனர்.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபதின்மர் உயிர் நீத்தனர். அதைத் தொடர்ந்து அரசாங்கம் சீனத் தொடர்புடைய செயலிகளைத் தடைசெய்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் 'பப்ஜி'யின் கைப்பேசிப் பதிப்பும் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் முடிவில் நம் நாட்டுக்கான சர்வர்கள் அணைக்கப்பட்டன. உண்மைப் போர் ஒன்று விளையாட்டுப் போரை நிறுத்திற்று என்பது விந்தையே. தடையின் காரணத்தை நான் இங்கே ஆராயவில்லை. அது நாட்டின் பாதுகாப்பைக் குறித்தது. ஆனால், கோடிக்கணக்கான இளைஞர்கள் அன்று முதன்முறையாக ஓர் உண்மையை உணர்ந்தனர். தாம் ஆண்டுக்கணக்கில் ஆடிய களத்தில் தமக்கென்று ஒரு பிடி மண்ணும் இல்லை. 2021 ஜூலையில் அது வேறு பெயரோடு திரும்பிற்று. 2022 ஜூலையில் மறுபடியும் மறைந்தது. 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. கட்டமும் காயும் ஆடுவோருடையதாக இருந்த சதுரங்கத்துக்கு இவ்வாறு நேர்ந்திருக்க முடியுமா?

தடைக்கு இரண்டு நாள் கழித்து அறிவிக்கப்பட்ட 'ஃபௌஜி' என்னும் இந்திய ஆட்டம், 2021 குடியரசு நாளில் கல்வான் பள்ளத்தாக்கையே களமாகக் கொண்டு வெளிவந்தது. முதலில் அதில் துப்பாக்கி முதன்மை பெறவில்லை, கைகலப்பே முதன்மை. அதன் பெயரைத் தாங்கிய இரண்டாம் ஆட்டமும் பின்னர் வந்தது.

புணேயும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008 முதல் இங்கே ஒரு தொழிற்கூடம் வைத்திருக்கிறது. 'பாரசீக இளவரசன்' தொடரின் புகழ்பெற்ற பாகம் ஒன்றைக் கணிப்பொறிக்கும் கன்சோலுக்கும் புதுப்பிக்கும் பொறுப்பு 2020-இல் புணே, பம்பாய்க் குழுக்களுக்கு அளிக்கப்பட்டதாக அறிவித்தனர்; காலம் நீண்டு 2022-இல் அப்பணி மான்ட்ரியாலுக்குச் சென்றுவிட்டது. பிறர் பலகையில் நாம் காய் செதுக்கும் தொழிலில் உள்ள இடர் இது. மற்றொரு புறம், இந்நகரத்தைச் சேர்ந்த சூப்பர்கேமிங் என்னும் நிறுவனம், 'மாஸ்க்கன்' என்னும் சுடும் ஆட்டத்தைச் செய்து பழகியபின், 'இண்டஸ்' என்னும் பெரிய ஆட்டத்தில் இறங்கிற்று. சிந்துவெளியின் பெயரைத் தாங்கி, வருங்கால இந்தியக் கற்பனையில் எழுந்த அவ்வாட்டம் 2022-இல் அறிமுகமாகி, 2024 அக்டோபரில் கைப்பேசிகளில் வெளிவந்தது. அதில் எஞ்சி நிற்பவன் மட்டுமன்றி, 'காஸ்மியம்' என்னும் அரும்பொருளைக் கைப்பற்றியவனும் வெல்லலாம். அனைவரையும் கொன்றாலன்றி வெற்றியில்லை என்னும் விதியைச் சற்றே தளர்த்தியது எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வாட்டத்தாலும் பலகை ஆடுவோருடையதாகிவிட்டது என்று சொல்ல இயலாது. சர்வர் நிறுவனத்தினுடையதே, அணைத்தால் அணைந்துவிடும். ஆயினும் பலகை செய்யும் தச்சன் நம் தெருவிலேயே இருக்கிறான் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. குறை இருந்தால் அவன் கதவைத் தட்டிக் கேட்கலாம்.

அன்றைய வாதம் எவ்வாறு முடிந்தது என்று நேயர்கள் கேட்கக்கூடும். அது முடியவில்லை, அத்தகைய வாதங்கள் முடிவதில்லை. சில நாள் கழித்து இச்செய்திகளையெல்லாம் நான் என் மருமகனிடம் சொன்னேன். அவன் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால், மாமா, நாங்கள் இருவரும் ஒரே கட்சிதான் போலிருக்கிறது. எங்கள் இருவருக்குமே பலகை இல்லை" என்றான். நான் மகிழ்ந்தேன். மொழிபெயர்ப்பு சரியாகிவிட்டது.

அவனுக்கு இரண்டு கேள்விகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நேயர்களுக்கும் அவற்றையே விட்டுவைக்கிறேன். ஓர் ஆட்டத்தை வாங்கும்போது, இதன் பலகை யாருடையது, நாளை அது இருக்குமா என்று கேட்பது முதலாவது. ஆடும்போது, விழுந்தவனை யார் தூக்குவார் என்று ஒருகணம் நினைப்பது இரண்டாவது. முதற்கேள்வி ஆட்டத்தைக் காக்கும். இரண்டாவது கேள்வி ஆடுகிறவனைக் காக்கும். பாணபட்டர் விரும்பியவாறு போர் பலகையோடு நின்றுவிட வேண்டுமானால், பலகையில் ஆடுகிறவனுக்குப் பலகைக்கு வெளியே உள்ளது என்னவென்று தெரிந்திருத்தல் வேண்டும்.

சென்ற ஞாயிறன்று பெரியவர் மறுபடியும் வந்தார். பிள்ளைகள் இருவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரை நடுவில் அமர்த்திக்கொண்டனர். 1971-இல் அந்த ஓர் இரவும் ஒரு பகலும் எவ்வாறு கழிந்தன என்று கேட்டனர். தேநீர் அன்றும் ஆறிப்போயிற்று.